குளிரில் தட்டும் பிஸ்டன்

அத்தானிடம் "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டால் ஓம் என்றோ வேண்டாம் என்றோ உடனே பதில் வராது. நெற்றியைச் சுருக்குவார். சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். கடைசியாக எப்போது குடித்தது, இனி எப்போது சாப்பாடு என்று உள்ளுக்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்பார். அதற்குள் அக்கா தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவாள். கொடுத்தால் குடிப்பார். கொடுக்காவிட்டால் கேட்கவும் மாட்டார்.

அவர் என் அக்காவின் கணவர். பெயர் இருக்கிறது. அதை எழுதினால் லண்டன் நோர்பரியில் கறிவேப்பிலை வாங்கப் போகிற இடத்தில் நாலு பேர் என்னை மறித்து நியாயம் கேட்பார்கள். அதனால் அத்தான் என்றே இருக்கட்டும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், சண்டை ஓய்ந்து ஊருக்குப் போகும் பாதை திறந்திருந்த காலத்தில், நான் அவர்களுடைய வீட்டு மேல்மாடிச் சின்ன அறையில் இருந்துகொண்டு தோர்ன்டன் ஹீத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். ஆகவே இது கேள்விப்பட்ட கதை இல்லை. மாடிப்படியில் நின்று பார்த்தது.

திருப்பி எடுக்க முடியாத எதையும் அத்தான் செய்யமாட்டார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சுவரில் ஆணி அடிக்கமாட்டார். கலியாணப் படம் வருடக்கணக்காகத் தரையில், சுவரில் சாய்ந்தபடி நின்றது. எதையும் பென்சிலால்தான் எழுதுவார். தலைமயிர் வெட்டப் போனால், "கொஞ்சமா எடுங்கோ, காணாட்டில் பிறகு வாறன்" என்று சொல்லி, அடுத்த கிழமையே மிச்சத்தை வெட்டுவிக்கத் திரும்பப் போவார். "வெட்டினதை ஒட்டேலாதெல்லோ" என்பார். நான் கேட்டேன், "அத்தான், மயிர் திரும்ப வளருமெல்லோ?" அவர் அதையும் யோசித்தார்.

இப்படிப்பட்டவர் எப்படி என் அக்காவைக் கட்டினார் என்று கேட்பீர்கள். அவர் எங்கே கட்டினார்? அக்காதான் அவரைக் கட்டினாள். அவர் யோசித்துச் சொல்வதற்குள் மண்டபம் எடுத்தாகிவிட்டது.

ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு இடம்மாறிய எங்கள் ஆட்கள் சோபா, குளிர்சாதனப் பெட்டி, இடியப்ப உரல் வரைக்கும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அத்தான் ஒரு எஞ்சினோடு வந்தார். அங்கே அவர் அமெரிக்க இராணுவ முகாம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்த கராஜில் பல வருடங்கள் வேலை செய்தவர். ஊர் திரும்பிய சிப்பாய் ஒருவன் விட்டுவிட்டுப் போன நீளக் கார் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. எட்டுச் சிலிண்டர், ஏழு லீட்டருக்கு மேல். 'பிக் பிளாக்' என்பார்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் இரும்பு வார்ப்பை மட்டும் தூக்குவதற்கே மூன்று ஆம்பிளைகள் வேண்டும்.

அந்தக் காரை லண்டனில் கலியாணக் காராக விடுவதுதான் திட்டம். பின்சீட்டில் கூறைச்சேலை கசங்காமல் பொம்பிளை இருக்கலாம், மாப்பிள்ளை தலைப்பாகையோடு மடங்காமல் ஏறலாம் என்று அக்காவும் உற்சாகமாகச் சொல்வாள். கார் வீட்டுக்குப் பின்னால் இருந்த வாடகைக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டன் போட்டால் ஓடும். அந்தப் பிஸ்டனைத்தான் அவர் இரண்டு வருடமாகத் தெரிவு செய்துகொண்டிருந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிற அலுமினியக் குற்றி. இந்த எஞ்சினில் அது கவிழ்த்து வைத்த சிரட்டை அளவில் இருக்கும். ஓடி ஓடிச் சிலிண்டர் தேய்ந்துபோனால், அதைக் கொஞ்சம் குடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்து அளந்துவிட்டுத்தான் இரும்பைக் குடைய வேண்டும். குடைந்தால் குடைந்ததுதான். அத்தானுக்கு இதைவிடப் பெரிய சோதனையை வேறு யாரும் வைத்திருக்க முடியாது.

அமெரிக்காவிலிருந்து கட்டலொக்குகள் வந்தன. சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தன. தலை குவிந்த பிஸ்டன், தட்டையான பிஸ்டன், குழிந்த பிஸ்டன். குவிந்தது பெற்றோலை இறுக்கி எரிக்கும், வேகம் வரும். ஆனால் கலியாண மண்டபத்துக்கு முன்னால் ஊர்ந்து ஊர்ந்து போகிற காருக்கு வேகம் எதற்கு? சரி, குழிந்ததை எடுக்கலாமே என்றால், "அதை எடுத்தால் எஞ்சின் சோம்பிப் போயிடும்" என்பார். தட்டையானது என்று ஒரு முடிவுக்கு வர ஒரு வருடம் போனது. பிறகு உலோகம். வார்த்துச் செய்ததா, அடித்துச் செய்ததா என்று அடுத்த வருடம்.

பக்கத்தில் மிட்சம் என்ற ஊரில் சிலிண்டர் குடைகிற ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை அவரே தொலைபேசியில் கூப்பிட்டுப் பிஸ்டன் வந்துவிட்டதா என்று விசாரிப்பார். அத்தான் பணிவாக, ஆங்கிலத்தில், தான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார். அந்த மனிதர் ஓய்வு பெறுவதற்கு முன் இந்த வேலையைச் செய்துவிட வேண்டும் என்று காத்திருந்தார் என நினைக்கிறேன்.

யோசிக்காமல் அத்தான் செய்த காரியம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அக்கா பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். பிள்ளைப்பேறு பார்க்க அம்மா ஆறுமாத விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். மார்கழி மாதம், நல்ல மழை. அத்தான் வேலை முடிந்து குரோய்டனில் ஏதோ கடைக்குப் போனவர், குழந்தை குளிப்பாட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். குடை கொண்டுபோகவில்லையாம். தொட்டிக்குக் கீழே அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மஞ்சளா நீலமா என்று யோசித்தீர்களா என்று கேட்டதற்கு, "இல்லை, கண்டன், வாங்கினன்" என்றார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

அம்மாவுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது.

"தம்பி, பிள்ளை பிறக்க முதல் ஒண்டும் வாங்கி வைக்கக் கூடாது. கூடாத காரியம்."

"மாமி, இது சும்மா ஒரு தொட்டிதானே" என்றார் அத்தான்.

அம்மா தொட்டியை மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

தை மாதத்தில் பிள்ளை பிறந்தது. உயிர் இல்லை. பெண் பிள்ளை. யாருடைய பிழையும் இல்லை, இப்படிச் சிலவேளை நடக்கும் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். நாங்கள் தலையை ஆட்டினோம். சொன்னவர்களுக்கு நன்றியும் சொன்னோம்.

பிறகு ஒரு தாதி வந்தார். மெதுவான குரல். பிள்ளையைத் தாய் தகப்பன் இருவரும் குளிப்பாட்டி உடுப்புப் போடலாம், விருப்பமா என்று கேட்டார். அக்கா உடனே ஓம் என்றாள். தாதி அத்தானைப் பார்த்தார். அவர் யன்னலோரம் நின்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே போய், நடைபாதையில் நாற்காலி ஒன்றில் இருந்தார்.

அக்கா தனியாகவே குளிப்பாட்டினாள். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தண்ணீரின் சூட்டை அவள் முழங்கையால் பார்த்தாள். சூடு கூடினால்தான் என்ன, குறைந்தால்தான் என்ன? ஆனாலும் பார்த்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அத்தான் திரும்பி உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்து, பிள்ளை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. அவர் கதவடியில் நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது என்று சொல்வது கஷ்டம். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, தொட்டால் தெரியும், நோகாது, அப்படி இருந்தது. யாரும் அழவில்லை, யாரும் சண்டை பிடிக்கவில்லை. அம்மா ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த காயச்சரக்கை அரைத்து, பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கும் கறியை நாள் தவறாமல் காய்ச்சினார். பிள்ளை இல்லாவிட்டாலும் பெற்ற உடம்புதானே என்று என்னிடம் மட்டும் சொன்னார். அக்கா வைத்ததைச் சாப்பிட்டாள். அத்தான் வேலைக்குப் போனார், வந்தார். நான் மருந்துக்கடையில் குழந்தைகளின் காய்ச்சல் மருந்து விற்றுவிட்டு வந்து தொலைக்காட்சி பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

அந்த மாதத்தில்தான் எஞ்சின் வீட்டுக்குள் வந்தது. கொட்டகை ஒழுகுகிறது, சிலிண்டர் கறள் பிடித்துவிடும் என்று அத்தான் காரணம் சொன்னார். வேலை செய்கிற இடத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து, அந்த இரும்பைத் தூக்கி முன் அறையில், பலகை போட்டு, தாங்கியில் ஏற்றி வைத்தார். எண்ணெய் பூசி, பழைய பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடினார். முன் அறையில் வேறு எதையோ வைப்பதற்கு முதலில் இடம் ஒதுக்கியிருந்தோம். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வெம்பிளியிலிருந்து வந்த மாமி ஒருவர் அந்த மூடலைக் கனநேரம் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, ஆர்மோனியமோ?"

"இல்லை, எங்கட தம்பியின்ர எஞ்சின்" என்றார் அம்மா, ஏதோ சாதாரணமாக எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல.

அந்த மாமி போனபின் எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். யாரும் சேரவில்லை.

அம்மாவுக்கு அந்த எஞ்சினோடு மெல்ல மெல்ல ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சாமித்தட்டுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அப்படியே முன் அறைக்கும் போய்ப் படுக்கை விரிப்புக்கு ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வருவார். இந்த வீட்டில் மருமகன் தொட்டுத் தடவுகிற பொருள் அது ஒன்றுதான் என்று கண்டுகொண்டாரோ என்னவோ. உண்மையும் அதுதான். ஞாயிறு தவறாமல் அத்தான் விரிப்பை நீக்கி, எட்டுச் சிலிண்டரையும் அளப்பார். போன ஞாயிறு அளந்த அதே அளவுதான் வரும். இரும்பு என்ன ஒரு கிழமையில் வளரவா போகிறது? அக்கா அடுப்படியில் இருந்தபடி அந்த முதுகைப் பார்ப்பாள். பார்வையில் கோபம்கூட இருக்காது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், ரெண்டில ஒண்டை எடுங்கோ! எதை எடுத்தால் என்ன? உலகம் அழியப்போகுதே?"

அவர் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, நான் கேட்டது நியாயமான கேள்வி என்பதுபோல விளக்கம் சொன்னார்.

"வார்த்த பிஸ்டன் எண்டால் சத்தமில்லாமல் ஓடும். சிலிண்டரோட ஒட்டி நிக்கும். பொம்பிளை ஏறேக்க காருக்குள்ள ஒரு சத்தமும் கேளாது. ஆனால் அதில ஒரு குணம் இருக்கு. தாங்கேலாமல் போனால் சொல்லாமக் கொள்ளாம வெடிச்சுப்போடும். வெளியில ஒண்டும் தெரியாது. ஒருநாள் திறந்து பாத்தால் துண்டு துண்டாக் கிடக்கும்."

"மற்றது?"

"அடிச்சுச் செய்தது வெடிக்காது. ஆனால் சூட்டுக்கு நல்லாப் பெருக்கும், அதால இடைவெளி கூட விடவேணும். குளிருக்க ஸ்டார்ட் பண்ணினால் உள்ளுக்க நிண்டு டக் டக்கெண்டு தட்டும். சூடேறினாப் பிறகுதான் நிக்கும். கலியாணக் கார் அப்பிடித் தட்டலாமோ?"

"தட்டினால் தட்டட்டுமே!"

"யோசிச்சுச் சொல்லுறன்."

அடுப்படியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

சித்திரை பிறந்தது. அம்மாவின் விசா முடிய இன்னும் கொஞ்சநாள்தான் இருந்தது. ஒருநாள் பின்னேரம், நாங்கள் நாலுபேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

"அம்மாவோட நானும் போறன்."

அத்தான் நிமிர்ந்தார். "நல்லம். ஒரு மாறுதலா இருக்கும். எப்ப திரும்பி வாறீர்?"

அக்கா அவரை நேரே பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுறன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நக்கலாகவும் சொல்லவில்லை. அவர் வழக்கமாகச் சொல்வதுபோலவே, மரியாதையாகச் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தார், நான் ரசத்தைப் பார்த்தேன். அத்தான் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை கொடுத்த பதில், முதல்முறையாக அவருக்குத் திரும்பி வந்திருந்தது. அவள் இனி வரமாட்டாள் என்று அவருக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. அவர் எழும்பிக் கை கழுவப் போனார்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் முன், சப்பாத்து மாட்டிக்கொண்டு, அவர் அமெரிக்காவுக்கு ஓடர் கொடுத்துவிட்டதாக என்னிடம் சொன்னார். எதை என்று கேட்டேன்.

"தட்டுறதை."

"பொம்பிளைக்குச் சத்தம் கேக்குமெல்லோ?"

அவர் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே இருந்தார். அக்கா அடுப்படியில் நின்றாள். அவளுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அவர் சொன்னாரோ தெரியாது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரத்துச் சொன்னார்.

"கேக்கட்டும். சத்தமில்லாமல் உடையிறது எனக்கு இனி வேண்டாம்."

அன்றைக்குப் பின்னேரம் அக்கா பயணப் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள்.

பயணத்துக்கு முதல் கிழமை அமெரிக்காவிலிருந்து பிஸ்டன் பெட்டி வந்தது. அத்தான் ஒவ்வொரு பிஸ்டனாக எடுத்து, முன் அறை மேசையில் பேப்பர் விரித்து, வரிசையாக வைத்தார். புது அலுமினியம் அந்த அறைக்கே ஒரு வெளிச்சம் கொடுத்தது. அன்று சனிக்கிழமை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அளவுகருவி எடுக்கக் கொட்டகைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் அறை வாசலில் அப்படியே நின்றதைக் கண்டு நானும் எட்டிப் பார்த்தேன்.

எட்டுப் பிஸ்டனுக்கும் மூன்று குறித் திருநீறு பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. முன் அறை மேசையில் எட்டுச் சிவலிங்கம்.

அம்மா திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்றார். தண்ணீரில் குழைத்துப் பூசியிருக்கிறார். ஈரத் திருநீறு வழிந்து பிஸ்டனின் பக்கத்துப் பள்ளங்களுக்குள் இறங்கியிருந்தது.

"இந்தமுறை முதலே கும்பிட்டுப்போட்டுத் தொடங்குங்கோ தம்பி" என்றார் அம்மா. பிறகு தட்டை மேசையில் வைத்தார். "அண்டைக்கு அந்தத் தொட்டியைக் கண்டவுடன நான் வாய் வைச்சிட்டன். கூடாத காரியம் எண்டு நான்தான் சொன்னனான். அந்த வாய்தான் பலிச்சது எண்டு எனக்கு நித்திரை இல்லைத் தம்பி."

ஐந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் 'தொட்டி' என்ற சொல்லைச் சொல்லவில்லை.

அத்தான் ஒரு பிஸ்டனை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"மாமி, உங்கட வாயில ஒண்டும் இல்லை. உதில ஒரு பிழையும் நடக்கேல்லை" என்றார். பிறகு, "ஆனால் உது சாம்பல். ஒரு பொட்டு உள்ளுக்க கிடந்தாலும் சிலிண்டரை அராவிப்போடும். கழுவ வேணும்."

"நான் துடைச்சு விடுறன் தம்பி."

"துடைச்சால் கீறும். சுடுதண்ணியில, சவுக்காரம் போட்டுக் கழுவ வேணும். சிங்க்கில ஏலாது, இரும்பில முட்டினால் அடிபடும். ஏதும் பிளாஸ்டிக்கில..."

மேல்படியில் அக்கா நின்றாள், மடித்த சேலை ஒன்று கையில். எங்கள் வீட்டில் அந்த அளவில் பிளாஸ்டிக்கில் என்ன இருக்கிறது என்று நாலு பேருக்கும் தெரியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்பார் என்று காத்திருந்தேன். அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"படிக்குக் கீழ இருக்கிறதை எடுக்கட்டோ?"

அக்கா சேலையைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அலுமாரியைத் திறந்து, தூசு உறிஞ்சும் மெசினை ஒருபக்கம் தள்ளி, மஞ்சள் தொட்டியைத் தானே வெளியே எடுத்தாள். விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடுப்படி மேசையில் வைத்துச் சுடுதண்ணீர் விட்டாள். அத்தான் கையை விடப்போனார்.

"பொறுங்கோ" என்றாள். முழங்கையை விட்டுப் பார்த்தாள். "சூடு கூட." பச்சைத்தண்ணீர் கலந்தாள்.

அம்மா சாமித்தட்டடியில் போய் நின்றுகொண்டார். நான் ஒரு துவாயை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். இந்தக் குடும்பத்தில் எனக்கு இதுதான் உத்தியோகம் போலும்.

முதல் பிஸ்டனை அத்தான் கழுவினார். கராஜில் கழுவுவதுபோல, விளிம்பைப் பிடித்து முக்கி எடுத்தார். குங்குமம் தண்ணீரில் கரைந்து போனது. இரண்டாவதை எடுத்தபோது அக்கா பேசினாள்.

"அண்டைக்கு அந்த நேர்ஸ் உங்களைக் கேட்டவ."

"ஓம். கேட்டவ."

"நான் தனியத்தான் குளிக்க வார்த்தனான்."

"ஓம்."

"நீங்கள் வருவியள் வருவியள் எண்டு மெல்ல மெல்ல வார்த்தனான். தண்ணி ஆறிப்போச்சு."

அத்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்று தெரியாதது இன்று தெரிந்தது. அவள் ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாள் என்று அன்றைக்கு நான் நினைத்தேன், பக்கத்தில் துவாயோடு நின்றும் எனக்கு விளங்கவில்லை.

"எப்பிடிப் பிடிச்சனீர்?" என்று கேட்டார்.

"என்ன?"

"பிள்ளையை. குளிக்க வார்க்கேக்க. எப்பிடிப் பிடிச்சனீர்?"

அக்கா அவர் கையிலிருந்து பிஸ்டனை வாங்கினாள். இடது உள்ளங்கையை விரித்து, அதன் வட்டமான பக்கத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரல்களால் பின்னால் தாங்கினாள். வலது கையால் தண்ணீரை அள்ளி மெல்ல விட்டாள்.

"இப்பிடி" என்றாள். "தலை விழாமல்."

அத்தான் அழுதார். வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அக்கா பிஸ்டனை அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களைச் சரிப்படுத்தி விட்டாள். எனக்கும் அப்போதுதான் வந்தது, துவாயில் முகத்தைத் துடைத்துவிட்டேன். பிஸ்டன் துடைக்க வேறு சுத்தமான துவாய் போய் எடுத்துவர வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தபோது இருவரும் மிச்சத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் தண்ணீர் விட்டாள், அவர் ஏந்தினார். எட்டையும் அப்படியே கழுவினார்கள். பள்ளங்களை அவர் பஞ்சால் துடைத்தார். அந்த அவசரமில்லாத கையை நான் முதல்தடவையாக நல்லதென்று நினைத்தேன்.

கடைசிப் பிஸ்டனை என்னிடம் தந்துவிட்டு அக்கா கையைத் துடைத்தாள்.

"மார்கழியில வருவன். அதுக்குள்ள அந்த இரும்பை முன் அறையில இருந்து எடுத்துப்போடுங்கோ."

அத்தானின் நெற்றி சுருங்கத் தொடங்கியது. பழக்கம். பிறகு அவர் தலையை ஆட்டினார்.

"ஓம்" என்றார்.

அக்கா அம்மாவோடு போனாள். மிட்சமில் சிலிண்டரைக் குடைந்தார்கள். அந்த வெள்ளைக்காரர் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னாராம், ஏதோ பிள்ளை பிறந்ததுபோல என்று அத்தானே வந்து சொன்னார். அதைச் சொன்னபோது அவருடைய முகம் வாடவில்லை.

மார்கழியில் அக்காவை எடுக்க நானும் அத்தானும் ஹீத்ரோவுக்கு அந்த நீளக் காரில் போனோம். விமானம் நன்றாகப் பிந்தியது. அவள் வந்து பின்சீட்டில் ஏறியபோது எஞ்சின் முழுக்க ஆறிப்போயிருந்தது. அத்தான் ஸ்டார்ட் பண்ணினார். கார் தரிப்பிடம் முழுக்கக் கேட்கும்படி உள்ளே நின்று தட்டத் தொடங்கியது. பக்கத்துக் காரில் சாமான் ஏற்றியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கொஞ்சம் பொறும், சூடேறினால் நிக்கும்" என்றார் கண்ணாடியில் அவளைப் பார்த்து.

அக்கா குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

"நிக்கேக்க நிக்கட்டும்" என்றாள். "கேக்குதுதானே."